கரன்ட் போனால் மீன் தொட்டி: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொளத்தூரில் மீன் வாங்கி வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ வளர்க்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கோடையில் கேட்பது ஒன்று, மழைக்காலத்தில் கேட்பது வேறொன்று. இரண்டுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். இந்த நிமிடம் கரன்ட் இல்லாமல் தவிப்பவர்களுக்காக, அவசரமான கேள்வியை முதலில் வைத்திருக்கிறேன்.

இப்போதுதான் கரன்ட் போனது. வீட்டில் இன்வர்ட்டரும் இல்லை, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரும் இல்லை. முதலில் என்ன செய்வது?

தொட்டியின் மூடியைத் திறந்துவிடுங்கள். ஒரு சொம்போ குளிக்கிற மக்கோ எடுத்து நன்றாகக் கழுவுங்கள். சோப்பு வாசனை துளிகூட இருக்கக்கூடாது. தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு முழம் உயரத்திலிருந்து திரும்பத் தொட்டிக்குள்ளேயே ஊற்றுங்கள். டீ ஆற்றுகிற மாதிரிதான். தண்ணீர் விழும் இடத்தில் நுரைத்துக் குமிழ் கிளம்ப வேண்டும், மேல்மட்டம் முழுக்க அசைய வேண்டும். ஐந்து நிமிடம் ஊற்றினால் போதும். அரை மணி கழித்து மறுபடியும் ஐந்து நிமிடம்.

கை வலிக்கிறது, வேறு வேலை இருக்கிறது என்றால் இரண்டு லிட்டர் கூல்டிரிங்க் பாட்டில் ஒன்றின் அடியில் ஊசியைச் சூடாக்கி ஏழெட்டு ஓட்டை போடுங்கள். தொட்டித் தண்ணீரை அதில் நிரப்பி மேலே தொங்கவிட்டால் தானாகச் சொட்டிக்கொண்டிருக்கும். தீர்ந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்த வேலைக்கு ஆள் பஞ்சமே இருக்காது.

அப்புறம், தொட்டியின் லைட், ஃபில்டர், ஹீட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கி வையுங்கள். கரன்ட் திரும்பி வரும் வேகத்தில் வோல்டேஜ் எகிறினால் முதலில் போவது மலிவான மோட்டார்தான்.

கரன்ட் இல்லாமல் மீன் எவ்வளவு நேரம் தாங்கும்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள சாதாரணத் தொட்டியில் கல், மண் போகச் சுமார் 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் அதுவே 9 மில்லிகிராம். நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் ஆக்ஸிஜனைத் தாராளமாக வைத்திருப்பதே இல்லை. 5 மில்லிகிராம் இருக்கும்வரை மீன் நிம்மதியாக இருக்கும். 3-க்குக் கீழே போனால் மூச்சுத் திணறும். 2-க்குக் கீழே பெரும்பாலான மீன்களுக்கு ஆபத்து.

ஆக, 50 லிட்டர் தொட்டியில் அளவு 3-க்கு இறங்கும்வரை மீன் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆக்ஸிஜன் சுமார் 200 மில்லிகிராம். மொத்தம் 100 கிராம் எடையுள்ள மீன்கள் சும்மா இருக்கும்போதே மணிக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை எடுக்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கைப்பிடி அளவு கோல்ட் ஃபிஷ் நான்கு இருந்தால் எடை 200 கிராமைத் தொட்டுவிடும். அப்படியானால் நாலு மணி நேரத்தில் கையிருப்பு காலி. மேல்மட்டம் வழியாகக் கொஞ்சம் புதிதாகக் கரையும் என்பது உண்மை. ஆனால் அடியில் கிடக்கும் கழிவும் மிச்சத் தீனியும், அவற்றைத் தின்னும் பாக்டீரியாவும் அந்த வரவைச் சாப்பிட்டுவிடும்.

அதே தொட்டியில் பத்து கப்பி மட்டும் இருந்தால்? எல்லாம் சேர்ந்து பத்து கிராம்கூடத் தேறாது. மேல்மட்டத்தில் கரைகிற காற்றே அவற்றுக்குப் போதும். நாள் முழுக்கக் கரன்ட் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது.

நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: மீன் பிழைக்குமா என்பது கரன்ட் போன பிறகு முடிவாவதில்லை, அதற்குப் பல வாரம் முன்பே முடிவாகிவிடுகிறது. நெருக்கமாக மீனை அடைத்து, இரண்டு மோட்டாரின் தயவில் ஓடுகிற தொட்டிக்கு எந்த பேட்டரி வாங்கினாலும் நிம்மதி இல்லை. மீன் குறைவாக, அகலமாக, சுத்தமாக இருக்கிற தொட்டிக்கு ஒரு சொம்பு போதும்.

குமிழ்தானே தண்ணீருக்கு ஆக்ஸிஜன் தருகிறது? அது நின்றால் எல்லாம் நின்றதுதானே?

குமிழிலிருந்து நேராகக் கரைவது கொஞ்சம்தான். குமிழ் மேலே ஏறும்போது அடித்தண்ணீரையும் சேர்த்து மேலே இழுத்து வருகிறது, மேல்மட்டத்தை உடைத்து அசைக்கிறது. காற்று பெரும்பாலும் அங்கேதான் கரைகிறது. அதனால்தான் சொம்பு வைத்தியம் பலிக்கிறது. ஒரே அளவு தண்ணீர் பிடிக்கும் இரண்டு தொட்டிகளில் உயரமானதைவிட அகலமானது பாதுகாப்பு. வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணத்தைப் பாதிக்கு மேல் நிரப்பவே கூடாது. வயிறு அகலமாக இருக்கும் மட்டத்தில் தண்ணீரை நிறுத்துங்கள்.

கரன்ட் வர நேரமாகும் என்று தெரிந்தால், பெரிய மீன்களை அகலமான பிளாஸ்டிக் டப்பிலோ அன்னக்கூடையிலோ தொட்டித் தண்ணீரோடு மாற்றிவிடுவது நல்ல யோசனை. மேலே ஒரு வலையோ துணியோ போட மறக்காதீர்கள். இல்லையென்றால் துள்ளி வெளியே விழும்.

எந்த மீனை முதலில் கவனிக்க வேண்டும்?

பெரிய மீனை. ஒரே வகையாக இருந்தாலும் பெரிதுதான் முதலில் திணறும். வகை என்று பார்த்தால் கோல்ட் ஃபிஷ், கொய் இரண்டும் குளிர்ந்த தண்ணீருக்கு உரியவை. ஆக்ஸிஜன் நிறையக் கேட்கும். ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன், அரோவானா மாதிரியானவை உடம்பும் பெரிது, தீனியும் அதிகம், கழிவும் அதிகம். இவற்றை வைத்திருப்பவர்கள் பேட்டரி மோட்டார் இல்லாமல் இருக்கவே கூடாது.

ஃபைட்டர், கௌராமி இரண்டுக்கும் தலைக்குள் தனியாக ஓர் உறுப்பு உண்டு. மேலே வந்து காற்றை நேராகவே விழுங்கிச் சுவாசிக்கும். கரன்ட் போனால் அவற்றைப் பற்றிக் கவலையே படாதீர்கள். சக்கர் மீன் திணறினால் மேலே ஓடி ஒரு வாய் காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துச் சமாளிக்கும். கோரிடோராஸும் அப்படித்தான், அது குடலை வைத்துச் சமாளிக்கிறது. கப்பி, மோலிக்கு வாய் மேல்நோக்கி இருப்பதால் ஆக்ஸிஜன் அதிகமுள்ள மேல்மட்டத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஏஞ்சல், டெட்ரா, டைகர் பார்ப் இவையெல்லாம் நடுத்தரம்.

திணறலை எப்படிக் கண்டுபிடிப்பது? மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து சாய்வாக நின்று வாயைத் திறந்து திறந்து மூடும். செவுள் மூடி வேகமாக அடிக்கும். தீனி கேட்டு வருவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு: தீனிக்கு வரும் மீன் உங்கள் கையைப் பார்த்து அலையும், திணறும் மீன் நின்ற இடத்திலேயே நிற்கும், கையை நீட்டினாலும் கண்டுகொள்ளாது. அப்போது உடனே சொம்பை எடுங்கள்.

தொட்டியில் செடி நிறைய இருக்கிறது. அது ஆக்ஸிஜன் தருமே?

வெளிச்சம் இருந்தால் தரும். லைட் இல்லாவிட்டால், ராத்திரியில், செடியும் மீனைப் போலவே ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் செடித் தொட்டிக்கு ராத்திரிக் கரன்ட் கட் இன்னும் கொஞ்சம் ஆபத்து. பகல் என்றால் ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சம் வரவிடுங்கள், நேர் வெயில் மட்டும் வேண்டாம்.

தூங்கும்போது கரன்ட் போனால் எப்படித் தெரியும்?

கோடையில் ஃபேன் நின்றால் வியர்வையே எழுப்பிவிடும். இன்வர்ட்டர் வீட்டில்தான் சிக்கல்: ஃபேன் ஓடும், மோட்டார் இன்வர்ட்டர் லைனில் இல்லாததால் நின்றிருக்கும், விடியும்வரை யாருக்கும் தெரியாது. முதலில் உங்கள் தொட்டியின் பிளக் எந்த லைனில் இருக்கிறது என்று மெயினை ஒருமுறை ஆஃப் செய்து பாருங்கள். ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியற்காலையில். நள்ளிரவில் கரன்ட் போனால் மூன்று மணி வாக்கில் ஒரு முறையாவது எழுந்து ஆற்றிவிடுவது நல்லது.

2024 செப்டம்பர் 12 இரவு மணலி துணைமின் நிலையத்தில் தீப்பிடித்ததில் சென்னையின் பல பகுதிகள் ஒரே நேரத்தில் இருண்டன. புயலும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. அப்படிப்பட்ட இரவுக்குத்தான் கரன்ட் போனதும் தானாக ஓட ஆரம்பிக்கும் மோட்டார் வேண்டும் என்கிறேன்.

என்ன மோட்டார் வாங்கலாம்? பவர் பேங்க் போதுமா? இன்வர்ட்டரில் போடலாமா?

மூன்றும் வேலை செய்யும். உங்கள் வீட்டைப் பொறுத்தது.

உள்ளேயே லித்தியம் பேட்டரி இருக்கும் ஏர் மோட்டார் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. சாதாரண நாளில் கரன்ட்டில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும், கரன்ட் நின்றதும் தானாக பேட்டரிக்கு மாறிவிடும். வீட்டில் பகலில் யாரும் இருக்க மாட்டார்கள் என்றால் இதுதான் சரி. வாங்கும்போது கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். சில மாடல்கள் தானாக மாறாது, பட்டனை அழுத்தினால்தான் ஓடும். டார்ச் பேட்டரி போட்டு ஓடும் பழைய வகையும் நல்லதுதான். அதில் ஒரு வசதி, பேட்டரி தீர்ந்தால் தெருமுனைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பேட்டரியை உள்ளேயே போட்டு வருடக்கணக்கில் வைத்தால் ஒழுகி, தேவைப்படும் நாளில் ஓடாது.

யூ.எஸ்.பி. ஏர் பம்ப் விலை மிகக் குறைவு. பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வாட்தான் இழுக்கும். 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் ஒன்று முழு சார்ஜில் இருந்தால் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டலாம். ஒரு எச்சரிக்கை: சில பவர் பேங்குகள் இழுக்கும் கரன்ட் குறைவாக இருந்தால் போன் சார்ஜ் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு தானாக நின்றுவிடும். வாங்கிய அன்றே மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். புயல் ராத்திரியில் போய் இதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

இன்வர்ட்டர் இருந்தால் ஏர் மோட்டாருக்கு அது ஒரு பாரமே இல்லை. மோட்டார் 3 முதல் 5 வாட் இழுக்கும். ஒரு சாதாரண சீலிங் ஃபேன் 70 வாட்டுக்கு மேல் இழுக்கும். 150 ஏ.ஹெச். பேட்டரியில் இரண்டு ஃபேனும் லைட்டும் ஓடினால் ஏழெட்டு மணி நேரத்தில் படுத்துவிடும். கரன்ட் வருவதற்கு நாளாகும் என்று தெரிந்தால் ஃபேனை நிறுத்திவிட்டு மோட்டாரை மட்டும் விடுங்கள், அதே பேட்டரி ஒரு நாளைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். சைன் வேவ் இன்வர்ட்டராக இருந்தால் நல்லது. ஸ்கொயர் வேவ் என்றால் மோட்டார் உறுமும், சூடாகும். அவசரத்துக்கு ஓட்டலாம், தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹீட்டரையும் பெரிய பவர்ஹெட்டையும் (தொட்டிக்குள் தண்ணீரைத் தள்ளும் மோட்டார்) இன்வர்ட்டரில் போடாதீர்கள். நம் ஊரில் ஹீட்டர் ஒரு நாள் நின்றால் ஒன்றும் ஆகாது.

ஏற்கெனவே ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டிருப்பவர்களுக்கு இன்னொரு லாபம்: அதே காற்றுக் குழாயை பேட்டரி மோட்டாரில் மாட்டினால் காற்றும் ஃபில்டரும் சேர்ந்தே ஓடும். சிறிய தொட்டிக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரை மிஞ்சியது இல்லை என்பது என் கருத்து.

கரன்ட் போனதும் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகத் தரையில் கொட்டுகிறதே?

மோட்டார் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். காற்று நின்றதும் தண்ணீர் திரும்பி மோட்டாருக்குள் இறங்கும். மோட்டாரும் கெடும், ஷாக்கும் அடிக்கலாம். மோட்டாரைத் தொட்டிக்கு மேலே ஒரு ஆணியில் மாட்டுங்கள். முடியாவிட்டால் குழாயின் நடுவில் நான்-ரிட்டர்ன் வால்வ் போடுங்கள். பத்து இருபது ரூபாய் விஷயம்.

தீனி போடலாமா?

வேண்டாம். சாப்பிட்ட மீன் சாப்பிடாத மீனைவிட அதிக ஆக்ஸிஜன் எடுக்கும், கழிவும் போடும். நன்றாக வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. கொளத்தூரில் வெளியூருக்குப் பேக்கிங் செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், கவரில் போடுவதற்கு முந்தின நாளே தீனியை நிறுத்திவிடுவார்கள். நாளை ஷட்டவுன் என்று தெரிந்தால் நீங்களும் அதையே செய்யுங்கள். பொரித்துச் சில நாள் ஆன குஞ்சுகளுக்கு மட்டும் கொஞ்சம் கொடுக்கலாம்.

மே மாதம். தண்ணீர் வெதுவெதுப்பாகிறது. ஐஸ் போடலாமா?

ஐஸை நேராகப் போடாதீர்கள், திடீரென்று குளிர்ந்தால் அதுவே மீனைப் பாதிக்கும். ஒரு சின்ன பாட்டிலில் உறைந்த தண்ணீரை மூடியோடு மிதக்கவிடலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரி, மிஞ்சினால் இரண்டு டிகிரி இறங்கினால் போதும். கண்ணாடியின் வெளிப்பக்கம் ஈரத்துணி போர்த்தலாம். பழைய பேப்பரை விசிறியாக்கி மேல்மட்டத்தில் வீசினால்கூடத் தண்ணீர் ஆவியாகிக் குளிரும். மாடி வெயில் நேராக அடிக்கும் சுவரை ஒட்டித் தொட்டி வைத்திருந்தால் கோடைக்கு முன்பே இடம் மாற்றிவிடுங்கள்.

ஆக்ஸிஜன் மாத்திரை என்று விற்கிறார்களே?

அவை பெரும்பாலும் இறால் குட்டை, மீன் குட்டைக்கானவை. தண்ணீரில் போட்டதும் ஆக்ஸிஜன் வரும், கூடவே சலவைச் சோடாவும் கரைந்து பி.ஹெச். (தண்ணீரின் அமில-கார அளவு) ஏறும். குட்டையில் அது தெரியாது, 50 லிட்டர் தொட்டியில் தெரியும். ஏன் ஆபத்து என்பதைக் கீழே சொல்கிறேன். சொம்பு இருக்கும்போது மாத்திரை எதற்கு?

தண்ணீர் மாற்றினால் ஆக்ஸிஜன் கூடுமே, மாற்றலாமா?

கால் பங்கு மாற்றலாம், நல்லதும்கூட. ஆனால் எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். மெட்ரோ வாட்டரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். ஆன்டி-குளோரின் போட்டுத்தான் ஊற்ற வேண்டும். கையில் அது இல்லையென்றால் அகலமான பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீர். கடலோரமாக இருப்பவர்கள், குறிப்பாகத் திருவொற்றியூர், எண்ணூர் பக்கம், போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே அந்தத் தண்ணீரில் வளரும் மீனுக்குப் பரவாயில்லை. பழகாத மீனுக்குத் திடீரென்று ஊற்றக்கூடாது. வெள்ளத்துக்குப் பிறகு சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் அந்தத் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். 20 லிட்டர் கேன் தண்ணீர் அவசரத்துக்கு ஆகும். ஆனால் அதில் தாதுக்கள் மிகக் குறைவு, முழுத் தொட்டியையும் அதனால் நிரப்பக்கூடாது.

அக்டோபர் பிறந்ததும் ஒரு டிரம்மில் 40, 50 லிட்டர் தண்ணீரைப் பிடித்து, குளோரின் போக்கி, மூடி வைத்துக்கொள்ளுங்கள். கரன்ட் இல்லாவிட்டால் மாடி டேங்குக்குத் தண்ணீர் ஏறாது என்பதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்.

வர்தா, மிக்ஜாம் மாதிரி நாள்கணக்கில் கரன்ட் இல்லாவிட்டால்?

வர்தா 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்தபோது கம்பங்கள் விழுந்து பல இடங்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. மிக்ஜாம் 2023 டிசம்பர் தொடக்கத்தில் கரையேறியது ஆந்திராவில்தான், ஆனால் இரண்டு நாள் மழையில் வடசென்னை மூழ்கியது. தண்ணீர் வடியாத தெருவில் பாதுகாப்புக்காகவே கரன்ட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆக டிசம்பரை மனதில் வைத்துத் தயாராக வேண்டும். ஒரே ஆறுதல், டிசம்பரில் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும், மீனும் குறைவாகவே மூச்சு வாங்கும்.

புயல் எச்சரிக்கை வந்த அன்றே செய்ய வேண்டியவை உண்டு. தீனியை நிறுத்துங்கள். தொட்டியின் அடிக்கழிவை உறிஞ்சி எடுத்துக் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். பவர் பேங்க் எல்லாவற்றையும் சார்ஜ் போடுங்கள். பேட்டரி மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டாமல் அரை மணி ஓட்டம், அரை மணி ஓய்வு என்று வைத்தால் இரண்டு மடங்கு நேரம் வரும். மீன் மேலே வராதவரை அது போதும். இரண்டாம் நாள் கழிவின் அம்மோனியா ஏற ஆரம்பிக்கும், அப்போது டிரம் தண்ணீரில் கால் பங்கு மாற்றுங்கள். செத்த மீனை உடனே எடுத்துவிட வேண்டும்.

இன்னொரு வழி பலருக்குத் தோன்றுவதில்லை. கொளத்தூரிலிருந்து மீன் பஸ்ஸிலும் ரயிலிலும் விமானத்திலும் எப்படிப் போகிறது? கவரில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு சுத்த ஆக்ஸிஜன், இறுக்கி ரப்பர் பேண்ட். அப்படியே ஒரு நாள் முழுக்கத் தாங்கும். உங்கள் மீன் விலை உயர்ந்தது, வீட்டில் வேறு வழியில்லை, கடை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால், பழக்கமான கடைக்காரரிடம் சிலிண்டர் ஆக்ஸிஜன் அடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கவரைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்து இருட்டில் விடுங்கள். ஜெனரேட்டர் இருக்கும் உறவினர் வீட்டுக்கு மீனை அனுப்பவும் இதுதான் வழி.

கரன்ட் வந்த பிறகுதான் மீன் செத்தது. அதுவரை நன்றாகவே இருந்தது. ஏன்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கரன்ட் வந்ததும் எல்லா ஸ்விட்சையும் போட்டுவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுக்கும் வீட்டில்தான் இது நடக்கிறது. காரணம் இரண்டு.

முதலாவது ஃபில்டர். கேனிஸ்டர் ஃபில்டர் ஒரு மூடிய டப்பா. உள்ளே கழிவை மாற்றும் நல்ல பாக்டீரியா கோடிக்கணக்கில் இருக்கிறது, அதற்கும் ஆக்ஸிஜன் வேண்டும். ஓட்டம் நின்றதும் உள்ளிருக்கும் கொஞ்சத் தண்ணீரின் ஆக்ஸிஜன் சீக்கிரமே தீர்ந்து, பாக்டீரியா செத்து அழுக ஆரம்பிக்கும். பல மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஸ்விட்சைப் போட்டால் அந்தச் சாக்கடைத் தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் வரும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்ற கேனிஸ்டரை அப்படியே ஓட்டாதீர்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்ளிருக்கும் ஸ்பாஞ்சையும் கல்லையும் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசி, அப்புறம் மாட்டுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் மிச்சமிருக்கும் பாக்டீரியாவும் குளோரினில் போய்விடும். கரன்ட் வர ரொம்ப நேரமாகும் என்று தெரிந்தால் முன்கூட்டியே அந்த ஸ்பாஞ்சை வெளியே எடுத்து, அகலமான தட்டில் ஈரம் காயாமல், காற்றுப் படும்படி வைத்துவிடலாம். பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாதது. காற்று நின்ற தொட்டியில் மீன் விடும் கரியமில வாயு தண்ணீரிலேயே தங்கி பி.ஹெச். இறங்கும். பி.ஹெச். குறைவாக இருக்கும்வரை அம்மோனியாவின் விஷம் அடங்கியே இருக்கும். கரன்ட் வந்து மோட்டார் முழு வேகத்தில் ஓடியதும் கரியமில வாயு வெளியேறி பி.ஹெச். ஏறும். ஏற ஏற, இத்தனை நேரம் சேர்ந்திருந்த அம்மோனியா விஷமாக மாறும். வெயில் காலமென்றால் இன்னும் மோசம். மாத்திரை வேண்டாம் என்று மேலே சொன்னதும் இதனால்தான்.

செய்ய வேண்டியது: கரன்ட் வந்ததும் முதலில் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். பிறகு மோட்டார், பிறகு அலசிய ஃபில்டர். அன்றைக்குத் தீனி கிடையாது. மறுநாளும் மிகக் கொஞ்சமாக. பாக்டீரியா பழைய நிலைக்கு வரச் சில நாள் பிடிக்கும், அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொஞ்சம் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருங்கள். பாவம் பசித்திருக்கும் என்று கைநிறைய அள்ளிப் போடுவதுதான் பாசத்தால் வரும் கேடு.

ஹீட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: தண்ணீர் மட்டம் குறைந்து ஹீட்டர் வெளியே தெரிந்தால், கரன்ட் வந்ததும் காய்ந்து கண்ணாடி வெடிக்கும்.

வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. தொட்டி தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மீனைவிட நீங்கள் முக்கியம். தண்ணீரில் நின்றுகொண்டு பிளக்கைத் தொடாதீர்கள்; உலர்ந்த இடத்தில் நின்று மெயினை ஆஃப் செய்ய முடிந்தால் செய்யுங்கள், முடியாவிட்டால் எட்டிப் போங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய வராந்தாவிலோ ஓட்டினால் புகை ஆளையே கொல்லும். தெருத்தண்ணீர் தொட்டிக்குள் கலந்துவிட்டால் அந்தத் தண்ணீரைக் காப்பாற்ற நினைக்காமல் மீனை மட்டும் சுத்தமான டப்புக்கு மாற்றுங்கள். புளியந்தோப்பு, பட்டாளம் மாதிரித் தண்ணீர் தேங்கும் இடத்தில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் தொட்டி ஸ்டாண்டை மேஜை உயரத்துக்குக் குறையாமல் செய்துகொள்வது நல்லது.

கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறேன்.

உப்புத் தண்ணீர் ஆக்ஸிஜனை இன்னும் குறைவாகவே பிடிக்கும். 30 டிகிரியில் லிட்டருக்கு 6 மில்லிகிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பவளமும் இருந்தால் ஓட்டம் நிற்கவே கூடாது. கடல் தொட்டிக்கு தனி பேட்டரியோ இன்வர்ட்டரோ இல்லாமல் தொடங்காதீர்கள். பக்கத்தில்தானே காசிமேடு என்று கடல் தண்ணீரை மொண்டு வரவும் வேண்டாம். துறைமுகத் தண்ணீரில் படகு டீசல் மிதக்கும். 2023 மழையில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மாடியில் சிமென்ட் தொட்டி கட்டிக் குஞ்சு பொரிக்க வைக்கிறேன். எனக்கு என்ன வழி?

உங்களுக்கு மீன்தான் வருமானம், அதனால் சொம்பு பேச்சு உதவாது. எல்லாத் தொட்டிக்கும் ஒரே புளோயர் என்றால் அது நின்றால் எல்லாம் நிற்கும், சிறிய டி.சி. பம்ப் ஒன்றும் கார் பேட்டரி ஒன்றும் தனியாக வையுங்கள். தாய் மீன் தொட்டிகளுக்கு முதல் இணைப்பு. பச்சைத் தண்ணீர்த் தொட்டிகளை மேகமூட்டமான நாட்களில் கவனியுங்கள். வெயில் இல்லாமல் பாசி ஆக்ஸிஜன் தராது. ராத்திரியில் எடுத்துக்கொள்ள மட்டும் செய்யும். புயலுக்கு முன் விற்பனை அளவு வந்த மீனை விற்றுவிடுங்கள், நெருக்கம் குறையும்.

காப்பாற்ற வழியில்லை. ரெட்டேரியில் விட்டுவிடலாமா?

விடாதீர்கள். தொட்டியில் வளர்ந்த மீன் பலவும் ஏரியில் தாங்காது. தாங்கும் மீனால் கேடு அதைவிடப் பெரிது: சக்கர் மீன் இப்படித்தான் நம் நீர்நிலைகளுக்குள் போய்ப் பெருகி, வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்தது. கடையில் திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.

ஷட்டவுன் எப்போது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பராமரிப்புக்கான மின்தடைப் பட்டியல் முந்தின நாளே செய்தித்தாளிலும் மின்வாரிய இணையதளத்திலும் வரும். பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி மதியம் 2 மணி வாக்கில் வரும். ஐந்து மணி நேரம். அளவாக மீன் இருக்கும் தொட்டிக்கு இது பெரிய விஷயமே இல்லை, காலைத் தீனியை மட்டும் நிறுத்துங்கள். பட்டியலில் இல்லாமல் போனால் மின்னகம் 94987 94987 எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பேசும்போது மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும். அந்த எண்ணைத் தொட்டி ஸ்டாண்டிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டி வைத்துவிடுங்கள்.